மெஃபிடிக்

மெஃபிடிக் என்பது நச்சுக் காற்றையோ குமட்டும் நாற்றத்தையோ குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. 17-ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் 'மெஃபிடிஸ்' என்றால் நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட ஆவி. தென் இத்தாலியில் ஆஸ்கன் மொழி பேசிய மக்கள் வழிபட்ட பெண் தெய்வத்தின் பெயரும் அதுவே.

அத்தெய்வத்தின் புகழ்பெற்ற தலம் காம்பானியாவிலுள்ள அன்சான்டோ பள்ளத்தாக்கு. அங்கே சாம்பல் நிறச் சேற்றுக் குட்டை ஒன்று இன்றும் ஓயாமல் கொப்பளிக்கிறது. சுற்றிலும் புல் முளைப்பதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 2,000 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு, காற்றடிக்காத இரவுகளில் பள்ளத்தில் தேங்கி, வழிதவறி வரும் விலங்குகளையும் பறவைகளையும் மூச்சடைத்துக் கொன்றுவிடும். உடன் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை வாடைக்குக் காரணம். அங்கு நுழைந்தோர் மாண்டுபோவதாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதினார். வெர்ஜில் தம் 'ஈனியட்' காவியத்தில் அவ்விடத்தைப் பாதாளத்தின் மூச்சுத் துவாரமாக்கினார். ஆனால் உயிரைக் குடிக்கும் அந்த மண்ணுக்கு மக்கள் அஞ்சி ஒதுங்கிவிடவில்லை. காணிக்கையோடு தேடி வந்தார்கள். அவர்கள் படைத்த மரச்சிற்பங்கள் மட்காமல் கிடைத்துள்ளன. வடக்கே கிரெமோனாவிலும் அவளுக்குக் கோயில் இருந்தது. கி.பி. 69-இல் அந்நகரம் தீக்கிரையானபோது அது ஒன்றே தப்பியது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ்.

18-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இச்சொல்லை வேறு பக்கம் திருப்பினார்கள். சுவாசித்தால் உயிர் தங்காத, சுடர் எரியாத காற்றே அவர்களுக்கு 'மெஃபிடிக் காற்று'. டேனியல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜனைப் பிரித்தறிந்து எழுதிய 1772-ஆம் ஆண்டு எடின்பரோ ஆய்வேட்டின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. அங்கே அது கார்பன் டை ஆக்சைடைக் குறிக்கிறது. அந்த வாயுவுக்கோ வாடையே கிடையாது. அன்சான்டோவில் உண்மையில் உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் அதுதான் என்பதால், சொல்லின் ஆதிப் பொருளுக்கு மிக நெருங்கி வந்தவர்கள் இந்த வேதியியலாளர்களே எனலாம். புதிய வாயுப் பெயர்கள் நிலைத்தபின் இவ்வழக்கு மறைந்தது.

இத்தாலிய நிலவியலில் கார்பன் டை ஆக்சைடு கசியும் வாய்களுக்கு 'மொஃபெட்டா' என்ற கிளைச்சொல் நிலைத்துவிட்டது. விலங்கியல் நாற்றப் பொருளையே எடுத்துக்கொண்டது: கந்தகச் சேர்மங்கள் நிறைந்த திரவத்தைப் பீய்ச்சும் வட அமெரிக்க வரி ஸ்கங்க்கின் அறிவியல் பெயர் மெஃபிடிஸ் மெஃபிடிஸ். முன்பு, தோற்றத்தில் கீரிப்பிள்ளையை ஒத்த வீசல்களின் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த ஸ்கங்க்குகள், டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பின் 1990-களில் மெஃபிடிடே என்ற தனிக் குடும்பமாயின.