கழித்த சீட்டின் கதை



மழை பிடித்துக்கொண்டது. உப்பளப் பாத்திகள் எல்லாம் தண்ணீரில் கிடக்கின்றன. வெளியே போக வழியில்லாததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். போன வாரம் என்னைப் பார்க்க வந்த ஒரு பழைய மாணவனால் இந்தப் பதிவை எழுத நேர்ந்தது. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். யார் என்று கேட்டு யாரும் கீழே எழுதவும் வேண்டாம்.

முதலில் சீட்டாட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். "என்ன, சார் சீட்டைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலருக்குச் சிரிப்பு வரும். வகுப்பில் சீட்டுக்கட்டு பிடித்துப் பிரம்பெடுத்தவன்தான் நான். ஆனால் சீட்டு ஆடத் தெரியாதவன் அல்ல.

நம் மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலப் பெருமை எப்படியோ, நமக்குத் தெரிந்த மரக்காணம் உப்புதான். தை, மாசியில் பாத்தி கட்ட ஆரம்பித்தால் புரட்டாசி வரை வேலை. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை இறங்கிவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இப்போது சில ஆண்டுகளாக அரசு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் கொடுக்கிறது. என் சிறுவயதில் அதுவும் கிடையாது. உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தபடி சீட்டுப் போடுவார்கள். ஓரம் மழுங்கி, எண்ணெய் ஏறிய பழைய கட்டு. பந்தயம் தீக்குச்சி. மிஞ்சிப்போனால் பீடி.

என் தாத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் ரம்மியில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் கேட்டார்: "கையில வர்ற சீட்டு யாரு குடுக்கறது?" "கட்டுல இருந்து வருது தாத்தா." "கீழ போடற சீட்டு?" "நாம போடறது." "அப்ப ஆட்டம் எதுல இருக்குது?" அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

ரம்மி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 13 சீட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுக்க வேண்டும், ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும். நாம் கழிக்கிற சீட்டு முகம் தெரிய விழும். அடுத்து ஆடுகிறவருக்கு வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்வார். ஆகவே நமக்கு எது வேண்டாம் என்று பார்த்தால் மட்டும் போதாது. அது அவருக்கு உதவுமா என்றும் பார்க்க வேண்டும்.

தாத்தா ராஜாவை முதலில் தள்ளிவிடுவார். ஏன் என்று பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏழு மூன்று வரிசைகளில் சேரும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராஜா இரண்டில்தான் சேரும்: ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஆஸ். ஆக, ஏழைப் போட்டால் எதிராளிக்கு மூன்று கதவு திறக்கும், ராஜாவைப் போட்டால் இரண்டுதான். அதோடு ராஜா கையில் தங்கிவிட்டால் தோற்கும்போது 10 புள்ளி. எதிராளி இஸ்பேட் எட்டை எடுத்தார் என்றால், இஸ்பேட் ஏழையும் ஒன்பதையும் நாம் போடக் கூடாது. வேறு சின்னத்து எட்டையும் போடக் கூடாது. இதையெல்லாம் தாத்தா மனத்திலேயே வைத்திருந்தார்.

இந்தச் சிந்தனை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் கிரிப்பேஜ் என்று ஓர் ஆட்டம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஜான் சக்ளிங் என்ற கவிஞர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். இரண்டு பேர் ஆடும்போது ஆளுக்கு ஆறு சீட்டு. இருவரும் இரண்டிரண்டு சீட்டைக் கவிழ்த்துத் தனியாக வைக்க வேண்டும். அந்த நான்கு சீட்டும் சீட்டுப் போட்டவருக்குச் சொந்தம், அதில் வரும் புள்ளி அவருக்கே. அப்படியென்றால் எதிரில் இருப்பவரின் பாடு என்ன? தன் கையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து எதிராளிக்கே கொடுக்க வேண்டும். அதில் கூட்டுத்தொகை 15 வந்தால் புள்ளி, ஜோடி சேர்ந்தால் புள்ளி, வரிசை சேர்ந்தால் புள்ளி. ஒரு கட்டின் 52 சீட்டில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா ஆகிய 16 சீட்டுக்கும் மதிப்பு 10. அதனால் ஐந்தைப் போடுவது எதிராளிக்குச் சோறு போட்டுக் குழம்பும் ஊற்றுவது மாதிரி. ராஜாவும் ஒன்பதும் போல ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டுகளைத்தான் தள்ளுவார்கள். தன் கையைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டாவது எதிராளிக்குக் கிடைப்பதைக் குறைப்பது அங்கே நல்ல ஆட்டம். உப்புக் கொட்டகையில் என் தாத்தா செய்ததும் அதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்தக் "கழித்தல்" நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1963 மே மாதம். செகந்திராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற மன்றத்தில் காவல் துறையினர் புகுந்து சோதனை போட்டார்கள். உள்ளே பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். சூதாட்ட விடுதி நடத்தியதாக வழக்கு. மாஜிஸ்திரேட் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆந்திர அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1967 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி எம். ஹிதாயத்துல்லா, பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. கார்த்திகை மாதம். இங்கே கொட்டகையில் மழைக்கு ஒதுங்கிச் சீட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

தீர்ப்பின் சாரம் இதுதான். மூன்று சீட்டு போன்ற ஆட்டங்கள் வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படி அல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில் கணிசமான திறமை வேண்டும். சீட்டு கலைத்துப் போடுவதில் அதிர்ஷ்டம் உண்டுதான், ஆனால் அது பிரிட்ஜ் ஆட்டத்திலும் உண்டு. ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே. மாநில அரசின் மேல்முறையீடு தள்ளுபடி.

அதாவது, தாத்தா கேட்ட கேள்விக்கு உச்ச நீதிமன்றமும் அதே விடையைத்தான் சொன்னது. ஆட்டம் கழிப்பதில் இருக்கிறது.

திறமை ஆட்டம் சூதாகாது என்ற கருத்தை 1957லேயே உச்ச நீதிமன்றம் போட்டி நடத்துபவர்கள் தொடர்பான வழக்கில் சொல்லியிருந்தது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்கு 1996இல் முடிந்தபோது குதிரைப் பந்தயமும் திறமையின் பக்கம் சேர்ந்துவிட்டது.

இதுவரை எல்லாம் சரி. கிளப்பில் நாலு பேர் முகம் பார்த்து ஆடுகிற ஆட்டத்துக்குச் சொன்ன நியாயம் அது. பிறகு கைப்பேசி வந்தது. ரம்மி அதற்குள் போய் உட்கார்ந்தது. "உச்ச நீதிமன்றமே திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது" என்று விளம்பரம். நடிகர்கள் சிரித்தபடி அழைத்தார்கள். நம் ஊரில் மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கையில் தீக்குச்சிக்குப் பதில் சம்பளப் பணம் பந்தயம் ஆனது. கடன் ஏறி உயிரை விட்டவர்களின் செய்திகள் தமிழ்நாடு முழுக்க வர ஆரம்பித்தன.

2020 நவம்பரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்து அது சட்டமும் ஆனது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். தற்கொலைத் தடுப்புக்காக சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். குழு அந்த மாதமே அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. அங்கேயும் பழைய 1967 தீர்ப்பின் நிழல்தான். 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி வந்தது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆட வைப்பதே குற்றம் என்பது அதன் நிலை. நடத்துகிறவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவரை அது தண்டிக்கவில்லை. அது எனக்கு ஆறுதல்.

ஒரு விஷயம்தான் என் மனத்தை அறுக்கிறது. அந்த 1967 தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. பணம் வைத்து ஆடும் ரம்மியில் வீட்டுக்காரரோ கிளப்போ லாபம் எடுத்தால், அது குற்றமாக நிரூபிக்கப்படலாம் என்று அதே நீதிபதி எழுதியிருக்கிறார். அந்த கிளப் வாங்கியது உட்காரும் கட்டணம் போன்ற சாதாரண வசூல் என்பதால்தான் தப்பித்தது. கைப்பேசி ஆட்டத்திலோ ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. யார் ஜெயித்தாலும் அதற்கு நஷ்டம் இல்லை. தீர்ப்பின் ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, மறு பாதியைக் கழித்துவிட்டு விளம்பரம் செய்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள்தான்!

இனி அந்த மாணவன் கதை. கணக்கில் கெட்டிக்காரன். அதனால்தான் மாட்டிக்கொண்டான். "திறமை ஆட்டம்தானே சார், எனக்குத் திறமை இருக்குதுன்னு நெனச்சேன்" என்றான். மனைவியின் நகை அடகில். அண்ணனிடம் கடன். மூன்று செயலியில் கடன். சட்டம் வந்த பிறகும் வெளிநாட்டுச் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்து ஆடியிருக்கிறான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் திட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டேன். "கையில மோசமான சீட்டு வந்தா என்னடா பண்ணணும்?"

"டிராப் சார். முதல்லயே கவுத்துட்டா இருபது புள்ளியோட போச்சு. நடுவுல கவுத்தா நாப்பது. கடைசி வரைக்கும் பிடிச்சா எண்பது."

"தெரிஞ்சிருக்குதுல்ல?"

அவன் பதில் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அதுவும் ஆறிப்போனது.

தாத்தாவிடம் நான் பார்த்த பெரிய திறமை ராஜாவைத் தள்ளியது அல்ல. சில நாள் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் மொத்தத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இன்னிக்கு சரியில்லப்பா" என்று எழுந்துபோய் மழையை வேடிக்கை பார்ப்பார். யாரும் அவரைக் கேலி செய்ததில்லை. எதிரில் இருந்தவர்கள் எல்லாம் மாமன் மச்சான். தோற்றவன் முகம் வாடினால் "போதும் எழுந்திரு" என்று அவர்களே சொல்லி அனுப்புவார்கள். கைப்பேசிக்குள் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அங்கே நள்ளிரவிலும் "இன்னும் ஒரு ஆட்டம்" என்றுதான் அழைப்பு வரும்.

மறுநாள் அவனுடைய அண்ணனையும் மனைவியையும் வரவழைத்துப் பேசினோம். கடன் மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதினோம். அதை எழுதி முடிப்பதற்குள் அவனுக்குக் கை நடுங்கியது. வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மனைவி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அவனை என் எதிரிலேயே பேச வைத்தேன். கடன் தீர நாளாகும். பரவாயில்லை, தை பிறந்தால் வேலை வரும்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சீட்டு கையில் மாட்டியிருந்தால், எண்பது வரை பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். நாற்பதிலேயே கவிழ்த்துவிட்டு எழுந்து வாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் வீட்டுக் கதவு எப்போதும் போலத் திறந்தே இருக்கிறது. பிரம்பு இப்போது இல்லை, காபி உண்டு.

பெற்றோர்களாக இருப்பவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து தீக்குச்சி வைத்து ஒரு கை ரம்மி ஆடுங்கள். எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். எப்போது எழ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

மழை விடவில்லை. எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
மரக்காணம்