மலக்குகளும் காதற்கதைகளும்

சென்ற ஆண்டு ஒரு நாள், தச்சநல்லூரில் எம் உறவினர் இல்லத்தில் விருந்துண்டு எழுந்த வேளையில், அவ்வீட்டு அம்மையார் ஓர் ஆங்கில நாவலைக் கொணர்ந்து எம்முன் வைத்தார். கரிய சிறகுகளோடு நிற்கும் ஓர் இளைஞனின் உருவம் அதன் அட்டையில் தீட்டப்பட்டிருந்தது.

"இதப் பாருங்க காக்கா. பன்னெண்டாவது படிக்கிற புள்ள, ராவும் பகலும் இதத்தான் வச்சிக்கிட்டு இருக்கா. மலக்கு ஒருத்தன் பொம்பளப் புள்ள மேல ஆசைப்படுதானாம். அடுப்புல போட்டுருவோமான்னு வருது."

அடுக்களை வாயிலில் நின்றிருந்த பெண் தலை நீட்டினாள். "உம்மா ஏசுறது இருக்கட்டும் மாமா. மலக்கு நெசமாவே மனுசி மேல ஆசைப்பட முடியுமா? முடியாதுன்னா, ஏன் முடியாது?"

முதற் கேள்விக்கு விடை அங்கேயே கூறிவிட்டோம். இரண்டாவது கேள்வி எம்மோடு வீடு வரை வந்தது. அதன் பொருட்டுப் புரட்டிய நூல்களில் கண்டவற்றையே ஈண்டு வாசகர்க்கு வழங்குகிறோம்.

இவ்வகை நாவல்கள் மேலை நாடுகளில் பள்ளிப் பருவத்தினருக்கென்றே எழுதப்படுபவை. 2005ஆம் ஆண்டில் ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'ட்வைலைட்' நாவலில், இரத்தம் குடித்து வாழும் பேய்க்கணத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் காதலனாக வந்தான். அந்நூல் பெற்ற வெற்றியைக் கண்டபின் மனிதரல்லாத காதலர்களுக்குச் சந்தையில் பஞ்சமில்லாது போயிற்று. 2009இல் பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'ஹஷ், ஹஷ்', அதே ஆண்டில் லாரன் கேட்டின் 'ஃபாலன்', 2010இல் அலெக்ஸாண்ட்ரா அடோர்னெட்டோவின் 'ஹேலோ', 2011இல் சிந்தியா ஹேண்டின் 'அன்எர்த்லி' என்று வானவர் காதற்கதைகள் வரிசையாக வெளிவந்தன. 'ஃபாலன்' 2016இல் திரைப்படமுமாயிற்று. கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே. ஒரு பள்ளிக்கூடம், அங்கே அழகும் மர்மமும் உடைய ஓர் இளைஞன், அவன் வானுலகினின்றும் வீழ்ந்தவன் என்று சிறிது சிறிதாக அறியும் ஒரு மாணவி. 'ஹேலோ'வில் மட்டும் வானவரே பெண்ணாக வந்து மானிட மாணவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார்.

இவற்றை வெறுங்குப்பை என்று ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. 'ஃபாலன்' நாவலின் தலைவனுக்கு டேனியல் கிரிகோரி என்று பெயர். கிரிகோரி என்பது, விழித்துக் காவல் புரிவோர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பழைய யூத நூல்களில் மண்ணுலக மகளிரை விரும்பி இறங்கிய வானவர்க்கு அதுவே பெயர். ஆகவே, விளையாட்டாக எழுதப்பட்டது போலத் தோன்றும் இக்கதைக்குப் பின்னே ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சரடு ஓடுகிறது.

விவிலியத்தின் ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தில், தேவகுமாரர் மனித குமாரத்திகளின் அழகைக் கண்டு அவர்களை மனைவியராகக் கொண்டனர் என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. 'ஏனோக்கின் நூல்' என்பது அதனை விரித்துரைக்கிறது. இருநூறு வானவர் ஹெர்மோன் மலையில் இறங்கினர், மகளிரை மணந்தனர், வாள் அடிக்கவும், கண்ணுக்கு மை தீட்டவும், மந்திரம் செய்யவும் மனிதர்க்குக் கற்பித்தனர், அவர்களுக்குப் பிறந்த அரக்கர் உலகை உண்டழித்தனர் என்பது அந்நூல் கூறும் கதை. ஏனோக்கு என்பவர் நாம் இத்ரீஸ் நபி (அலை) என்று போற்றுபவரே என நம் விரிவுரையாளர் பலர் கருதினர். ஆயினும் அந்நூல் நம் மார்க்க நூல்களுள் இடம்பெற்றதில்லை. கிறித்தவருள்ளும் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டனர்; அபிசீனியாவின் திருச்சபை ஒன்றே அதனை முழுமையாகக் காத்து வைத்திருந்தது. ஜேம்ஸ் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் அதன் படிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். 1821இல் ரிச்சர்ட் லாரன்ஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அதன்பின் ஈராண்டும் கழியவில்லை. 1823இல் பைரன் 'ஹெவன் அண்ட் எர்த்' என்னும் நாடகக் கவிதையை வெளியிட்டார். ஏறக்குறைய அதே வேளையில் அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர் 'வானவரின் காதல்கள்' என்னும் பொருள்படும் நெடும்பாட்டை வெளியிட்டார். மூர், மொகலாய இளவரசி ஒருத்தியைத் தலைவியாக்கி 1817இல் 'லல்லா ரூக்' பாடிப் புகழ் பெற்றவர்.

அவருடைய வானவர் பாட்டுக்கு நேர்ந்த கதி நம்மவர் அறிய வேண்டியது. வேதத்தில் வரும் தூய வானவரைக் காமுகராக்கிப் பாடுவது தெய்வ நிந்தை என்று இங்கிலாந்தில் கூக்குரல் எழுந்தது. மூர் என்ன செய்தார்? அதே ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பில் வானவர்களை இஸ்லாமிய உடையில் நிறுத்தினார். கர்த்தர் என்றிருந்த இடங்களில் அல்லாஹ் என்று மாற்றினார். கிறித்தவ வானவர் காதலித்தால் நிந்தை. முஸ்லிம் வானவர் காதலித்தால் கீழ்த்திசைக் கற்பனை! இருநூறு ஆண்டுகள் கழித்தும் இதனை எண்ணுந்தோறும் எமக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுகின்றன.

ஆயின், மூர் இதனை முற்றும் காற்றிலிருந்து எடுத்தார் என்று கூறுவதும் நேர்மையாகாது. தாம் எடுத்துக்கொண்ட மூலங்களுள் ஒன்றாக ஹாரூத், மாரூத் கதையை அவர் தம் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். அக்கதை நம் வீடுகளிலும் வழங்கியதுதான். மனிதரின் பாவங்களைக் கண்டு மலக்குகள் இகழ்ந்தனர். உங்களுக்கும் ஆசையைக் கொடுத்தால் நீங்களும் அவ்வாறே ஆவீர்கள் என்று இறைவன் அறிவித்தான். சோதனைக்காக ஹாரூதும் மாரூதும் பாபில் நகரில் இறக்கப்பட்டனர். ஸுஹ்ரா என்னும் பேரழகியைக் கண்டு மயங்கினர். அவள் பொருட்டு மதுவுண்டனர், கொலையும் புரிந்தனர். அவளோ அவர்களிடம் திருநாமத்தைக் கற்று விண்ணேறி வெள்ளி என்னும் கோளாயினாள். அவ்விருவரும் பாபிலின் கிணற்றில் தலைகீழாகத் தொங்குகின்றனர். நாமும் சிறு பிராயத்தில் இதனைக் கேட்டு, மாலையில் வெள்ளி முளைக்கும்போது அண்ணாந்து பார்த்ததுண்டு.

திருமறையில் இருப்பது யாது? 'அல்பகரா' அத்தியாயத்தின் 102ஆம் வசனம் ஹாரூத், மாரூத் என்னும் இருவரின் பெயர்களைக் கூறுகிறது. பாபிலில் அவர்கள் இருந்ததைக் கூறுகிறது. தாங்கள் ஒரு சோதனையே, நிராகரித்துவிட வேண்டாம் என்று எச்சரித்த பின்னரே எவருக்கும் அவர்கள் கற்பித்ததைக் கூறுகிறது. கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையை மக்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டனர் என்றும் சொல்கிறது. ஸுஹ்ராவின் பெயர் அங்கே இல்லை. மதுவும் கொலையும் கிணறும் இல்லை. அவ்வசனத்தில் காதலைப் பற்றி ஏதேனும் உண்டென்றால், அது காதல் உடைக்கப்படுவதைப் பற்றியது.

இக்கதையைக் காழீ இயாழும் இமாம் பக்ருத்தீன் ராஸீயும் மறுத்தனர். ஹிஜ்ரி 774இல் மறைந்த இப்னு கதீர், இது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லாக இருக்கவியலாது என்றும், யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய கஅபுல் அஹ்பாரின் வாயிலாக வந்த பழங்கதையே என்றும் எடுத்துக்காட்டினார். இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ போன்ற பெரியோரோ, இது பல வழிகளில் வந்திருப்பதால் அடிப்படை ஏதும் இல்லையென்று தள்ளிவிடலாகாது என்றனர். இக்கருத்து வேற்றுமையை மறைத்துப் பிள்ளைகளிடம் பேசுவது முறையன்று. எம் நெஞ்சு இப்னு கதீரின் பக்கமே சாய்கிறது.

மறுத்தோர் காட்டும் காரணம் அப்பெண்ணின் இரண்டாவது கேள்விக்கு நேர் விடையாகும். மலக்குகள் ஒளியாலும், ஜின்கள் தீக்கொழுந்தாலும் படைக்கப்பட்டனர் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. மலக்குகளைப் பெண்கள் என்று கூறியோரை நோக்கி, அவர்கள் படைக்கப்பட்டதை நீங்கள் கண்டீர்களா என்னும் கருத்துப்பட மறை வினவுகிறது. இப்ராஹீம் நபி (அலை) விருந்தாளிகளென எண்ணிக் கன்றின் இறைச்சியைப் படைத்தபோது அவர்களின் கைகள் உணவின்பால் நீளவில்லை. பசியும் ஆண் பெண் என்னும் பால்வேற்றுமையும் இல்லாத படைப்பு அது. இட்ட ஆணையை மீறாத படைப்பும் அதுவே. வானினின்றும் வீழ்ந்த மலக்கு என்று எவரையேனும் காட்ட முற்பட்டால் இப்லீஸைத்தான் காட்ட வேண்டும். அவனையோ 'கஹ்ஃபு' அத்தியாயம் ஜின் இனத்தவன் என்கிறது.

நிற்க. நம் தமிழ்ப் புலவர்கள் இதனை எங்ஙனம் கையாண்டனர்?

1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா', நமக்குக் கிடைத்துள்ள முழுமையான முஸ்லிம் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது. அப்துல்லாஹ் இப்னு சலாம் அவர்கள் நாயகத்திடம் வினவிய வினாக்களாக அமைந்த இக்கதை ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் அவ்வம்மொழிகளில் வழங்கியது. 1590இல் ஆலிப் புலவர் 'மிகுராசு மாலை' பாடினார். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' 5027 பாடல்களைக் கொண்டது. 1842இல் புலவர் நாயகம் அவர்களால் முதன்முதல் அச்சேறியது. இந்நூல்களிலெல்லாம் வானவர் உண்டு. செய்தி கொணர்வர், வாழ்த்துவர், ஏவல் செய்வர். காதல் கொள்வதில்லை.

அதற்காக நம் புலவர்கள் காதலைப் பாட அஞ்சினர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உமறுப் புலவர் கதீஜா நாயகியாரின் கனவுக்கென ஒரு படலமே வகுத்தார்; திருமணத்தைத் தமிழ்க் காப்பிய மரபு முழுவதும் துலங்கப் பாடினார். மீசல் வண்ணக்களஞ்சியப் புலவர் 1807இல் 'இராஜநாயகம்' என்னும் காப்பியத்தில் ஜின்களையும் பறவைகளையும் ஆண்ட சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடினார். பல்கீஸ் அரசியின் தாய் ஜின் குலத்தவள் என்றும், அவ்வரசியை நபி மணந்துவிடுவாரோ என அஞ்சிய ஜின்கள் அவள் கால்களைப் பற்றிப் பொய் பரப்பின என்றும் அரபு நாட்டுக் கதைத் தொகுப்புகள் கூறுவதுண்டு. 'சைத்தூன் கிஸ்ஸா'வில் அலி (ரலி) அவர்களின் மைந்தர் முகம்மது ஹனீபாவுக்கு நிகராகப் போர் புரியும் மங்கையே காதலியாகிறாள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என வழங்கும் இமாமுல் அரூஸ் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய 'மதீனத்துந் நுஹாஸ்', அதாவது தாமிரப் பட்டணம், ஜின்களும் அற்புதங்களும் மலிந்த கதையுலகைச் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பட்டணத்தின் பெயரைக்கூடக் கேள்வியுற்றதில்லை.

சிறகுள்ள காதலியே வேண்டுமென்றாலும் பஞ்சமில்லை. 'ஆயிரத்தோர் இரவுகள்' கதையில் பஸராவின் ஹசன், ஜின் வேந்தனின் மகளது இறகாடையை ஒளித்துவைத்து அவளை மணக்கிறான். ஆடை கைக்கு வந்ததும் அவள் பிள்ளைகளோடு பறந்துவிட, வாக்வாக் தீவு வரை தேடிச் செல்கிறான். ஜின்னுக்கு ஆண்பெண் உண்டு, குடும்பம் உண்டு, ஆதலின் கதைக்கும் இடமுண்டு. மனிதரும் ஜின்னும் மணப்பது கூடுமா என்பதை ஃபிக்ஹு அறிஞரும் எடுத்து வாதித்தனர். ஹிஜ்ரி 769இல் மறைந்த ஷிப்லீ என்பார் ஜின்களின் சட்டங்களுக்கென்றே தனி நூல் இயற்றி இதனையும் அலசினார். பெரும்பாலோர் கூடாதென்றே தீர்த்தனர். கேள்வியே கூடாதென்று எவரும் அடுப்பைக் காட்டவில்லை.

இரு வாரம் கழித்து மீண்டும் தச்சநல்லூர் சென்றோம். இத்தனையையும் அப்பெண்ணிடம் கூறவில்லை. மூன்றை மட்டும் கூறினோம்.

யூசுப் நபி (அலை) அவர்களைக் கண்ட மிசுரு நாட்டு மாதர் கையை அறுத்துக்கொண்டு, இவர் மனிதரே அல்லர், கண்ணியமிக்க மலக்கே என்று வியந்தனர். அம்மாதர் கண்டது மனிதரைத்தான். அந்த அழகனுக்கும் ஆசை என்பது அறியாத பொருளன்று. தம் இறைவனின் சான்றைக் கண்டிராவிடில் அவரும் நாடியிருப்பார் என்று மறையே கூறுகிறது. மலக்காயிருந்தால் அந்தச் சிறைவாசத்துக்குப் பெருமை ஏது?

இரண்டாவது, இப்னு இஸ்ஹாக் எழுதிய வரலாற்றில் உள்ளது. தம் கணவரிடம் வருவது வானவரா சைத்தானா என்று அறிய அன்னை கதீஜா (ரலி) ஒரு சோதனை செய்தார்கள். அவர் வந்ததும் சொல்லுங்கள் என்றார்கள். வந்தார். தம் இடப்பக்கம் அமரச் செய்தார்கள், பின் வலப்பக்கம், பின் மடியில். இன்னும் தெரிகிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். தெரிகிறார் என்று விடை வந்தது. பிறகு தம் முக்காட்டை நீக்கிவிட்டுக் கேட்டார்கள். இப்போது இல்லை என்றார்கள் நாயகம் அவர்கள். அப்படியானால் அவர் வானவரே, சைத்தான் அல்லர், மகிழுங்கள் என்றார்கள் அன்னை. கணவன் மனைவியர்க்கிடையே அவ்வளவு அன்பு நிலவிய அறையில், வானவர் நாகரிகமாக விலகிச் சென்றார்.

மூன்றாவது மர்யம் (அலை) அவர்களின் கதை. தனித்து, திரைக்குப் பின்னே இருக்கும் இளம்பெண். எதிரே முழு நிறைவான மானிட வடிவில் வானவர் வந்து நிற்கிறார். இந்த இடத்திலிருந்துதான் அந்த ஆங்கில நாவல்கள் எல்லாம் தொடங்குகின்றன என்றோம். பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மர்யம் (அலை) என்ன கூறினார்கள்? நீர் இறையச்சமுடையவராயின், உம்மிடமிருந்து அருளாளனிடம் காவல் தேடுகிறேன் என்றார்கள். அவரோ, தாம் இறைவனின் தூதர் மட்டுமே என்றார்.

சற்று நேரம் பேசாதிருந்தவள், "மர்யமுக்கு அப்போ என்ன வயசு மாமா?" என்று வினவினாள். மறை அதனைக் கூறவில்லை என்றோம். அந்த நாவல் தோழியிடம் இரவல் வாங்கியதாம். இன்னும் நாற்பது பக்கம் எஞ்சியிருக்கிறது, முடித்துத்தான் கொடுப்பேன் என்றாள். அவள் உம்மா எம்மைப் பார்த்தார். யாம் ஒன்றும் கூறவில்லை. அவர் எழுந்து தேநீர் போடச் சென்றார்.