எழுத்து

இன்று எழுத்து என்றால் அ, ஆ, இ மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. சங்க காலத்தில் அச்சொல்லின் பரப்பு பெரிது. மகளிர் தோளில் தொய்யில் என்னும் கோலம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள். பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபமும் 'எழுதிய' மண்டபமே. நாம் 'வரைதல்' என்று மாறிவிட்டோம். மலையாளம் பழையதை விடவில்லை: தரையில் வண்ணப்பொடியால் தெய்வ உரு தீட்டுவது களமெழுத்து, தெய்யம் என்னும் சடங்காட்டம் ஆடுபவரின் முகத்தில் தீட்டுவது முகத்தெழுத்து. இரு மொழியும் ஒரே வீட்டில் புழங்கும், தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் காரோடு, பாறசாலைப் பக்கத்தாருக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

எழுத்து, ஓவியம் என்ற இச்சொல்லின் இரு பொருளையும் ஒரே திரையில் சேர்த்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே முதல்வரானார். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். 1954இல் ஐரோப்பா சென்று வந்தவருக்கு, மேற்கைப் பின்தொடராமல் எப்படி நவீனமாக இருப்பது என்ற கேள்வி தீவிரமானது. 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மலையாள எழுத்தை ஒத்த வரிகள் நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் பொருள் வராது, பார்க்கத்தான் வேண்டும். சென்னையில் வாழ்ந்தவரின் கைக்கு மலையாள வடிவம் வந்தது வெறும் ஊர்ப்பாசத்தால் என்று நான் எண்ணவில்லை. எழுத்து மீண்டும் ஓவியமாவதற்கு அவருக்கு அந்த வளைகோடுகள் தேவைப்பட்டன. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஓவியக்கூடம் இருக்கிறது. காரோட்டிலிருந்து போய்வரும் தூரம்தான்.