முத்துப்பாரும் விண்வெளியும்

மனித உடல் தரைக்கென அமைந்தது. பூமியின் ஈர்ப்பையும் காற்றின் அமுக்கத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியே நமது எலும்பும் தசையும் இரத்தமும் இன்றைய நிலையை அடைந்தன. அவ்வாறிருந்தும் தனக்கு உரியதல்லாத இடங்களுக்குச் செல்லும் வேட்கை மனிதனை விட்டபாடில்லை. முன்னே கடலின் அடிக்குச் சென்றான்; இன்று விண்வெளியில் மாதக்கணக்காகத் தங்குகிறான். இவ்விரு பயணங்களிலும் அவனது உடல் பட்ட பாடு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்கேதீஸ்வரத்தைச் சூழ வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியில் தனி உரிமை உண்டு. பழைய மாதோட்டத் துறைமுகம் நமது திருக்கோயிலின் அயலிலேயே இருந்தது. அதற்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே கடலுள் விரிந்து கிடப்பவை உலகப் புகழ் பெற்ற முத்துப்பார்கள். விண்வெளி வீரர்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மூச்சுக் காற்றில்லாத வேற்றுலகுக்குச் சென்று மீண்டவர்கள் நமது கடலில் இருந்தார்கள்.

கடலடியிற் சென்றோர்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்புளூஸ்' என்னும் கடற்பயண நூல், பாண்டி நாட்டுக் கொற்கையில் நடந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்நூல். அரசர் மார்பில் ஒளிர்ந்த முத்தை எடுத்துக் கொடுத்தவன் கைதி! இத்தொழிலின் துன்பத்தை உணர்த்த இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என எழுதினார். 'கடற்கட்டி' எனப்பட்ட அவர்கள் ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்திலும் இருந்தார்கள். அச்சம் அத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது.

சலாபத்தின் முறை எளியது. ஒரு கல்லுக்கு இருவர் மாறி மாறிக் குளிப்பர். குளியாளன் கல்லின் கயிற்று வளையத்திற் காலை மாட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில் கிடக்கும் சிப்பிகளைக் கூடையில் வாரி நிரப்பிக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்கும் மண்டக்கு அவனையும் கூடையையும் மேலே இழுப்பான். இவையெல்லாம் ஒரே மூச்சில், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்தாக வேண்டும்.

பார்வைக்கு எளிது, உடலுக்கோ கொடிது. கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. பத்து மீற்றரில் நுரையீரலிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும். செவிப்பறை உள்நோக்கி வளையும். உள்ளமுக்கத்தைச் சமப்படுத்தத் தவறினாற் கிழியும். 1803ஆம் ஆண்டில் இலங்கை பற்றி நூலெழுதிய றொபேட் பேர்சிவல் என்னும் படை அதிகாரி, மேலே வரும் குளியாளரின் வாய், மூக்கு, செவிகளிலிருந்து நீரும் பல வேளைகளில் இரத்தமும் வடிந்ததையும், அவர்கள் அதைப் பொருட்படுத்தாது தமது முறை வந்ததும் மீண்டும் இறங்கியதையும் குறித்துள்ளார். நாளொன்றுக்கு 40 முதல் 50 முறை இறங்கினார்கள் என்பதும் அவர் கூற்று. கடலின் இடர் போதாதென்று கரையிலும் இடர் இருந்தது. பல்லாயிரவர் கூடிய கொட்டில்களிற் கொள்ளைநோய் பரவிச் சலாபம் இடைநடுவிற் கலைக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு.

1905ஆம் ஆண்டுச் சலாபமே அண்மைக் காலத்தில் மிகப் பெரியது. ஏறத்தாழ 5,000 குளியாளர் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். இந்தியக் கரையிலிருந்து வந்த தமிழரும் பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும் அங்கே தோளோடு தோள் நின்று உழைத்தனர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு; எஞ்சிய ஒரு பங்கே உழைத்தோருக்கு. 1902இல் இங்கு வந்து பார்களை ஆராய்ந்த பேராசிரியர் ஹேட்மன் வெளியிட்ட அறிக்கை ஐந்து தொகுதிகள் கொண்டது. சிப்பியின் உணவு, சிப்பியின் பகை, சிப்பியின் நோய் யாவும் அதில் நுணுகி ஆராயப்பட்டன. சிப்பிக்கு ஐந்து தொகுதி எழுந்த அக்காலத்தில், அதை எடுத்தவனின் செவிக்கும் நுரையீரலுக்கும் அத்தகைய பேராராய்ச்சி எழவில்லை. இதனை நாம் மறத்தலாகாது.

விண்ணிற் சென்றோர்

விண்வெளிப் பயணத்தின் சரித்திரம் வேறு வகையில் அமைந்தது. அங்கே முதல் நாள் தொட்டே உடல் அளக்கப்பட்டது. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் 108 நிமிடங்களில் பயணத்தை முடித்துத் திரும்பினார். அவ்வாண்டு ஓகஸ்டில் 25 வயதினரான கேர்மன் தித்தோவ் ஒரு நாளுக்கு மேல் விண்ணில் இருந்தார். தலைசுற்றலும் குமட்டலும் அவரை வாட்டின. மேல் எது, கீழ் எது என்பதை உணர்த்தும் உட்செவி, பாரமற்ற நிலையிற் குழம்பியதே காரணம். கடலிற் குளித்தவனுக்கும் முதலில் வருந்தியது செவி. விண்ணிற் பறந்தவனுக்கும் முதலில் வருந்தியது செவியே.

பெருந்திகைப்பு 1970 ஜூனில் நேர்ந்தது. 'சோயுஸ் 9' கலத்தில் ஏறத்தாழ 18 நாட்கள் இருந்து மீண்ட நிக்கோலாயெவ், செவஸ்தியானோவ் இருவராலும் எழுந்து நிற்கவும் இயலவில்லை. தம் உடலே தமக்குப் பெருஞ்சுமையாயிற்று. நெடும் பயணம் மனிதனுக்கு ஆகுமா என்ற ஐயம் அன்று பிறந்தது.

இதன் காரணங்களைச் சுருங்கக் கூறுவோம். பூமியில் இரத்தம் கால்களை நோக்கி இழுக்கப்படுகிறது. பாரமற்ற நிலையில் அது மார்புக்கும் தலைக்கும் ஏறுவதால் முகம் வீங்கும், கால் மெலியும். தாங்க வேண்டிய சுமை இல்லாமையால் தசை சுருங்கும். இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வீதம் தேயும். பூமியிலே உடலில் நொடிக்கு 20 இலட்சம் செங்குருதிக் கலங்கள் அழிந்து புதியன தோன்றுகின்றன. விண்ணிலோ நொடிக்கு 30 இலட்சம் அழிவதாக 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீண்ட நாள் தங்குவோர் சிலரின் விழிநரம்பின் தலைப்பகுதி வீங்கிப் பார்வை மங்குவதும் கண்டறியப்பட்டது. இவற்றோடு கதிர்வீச்சின் கேடும் சேர்ந்துகொள்கிறது.

பயன்படுத்தாத உறுப்பு பழுதாகும் என்னும் உண்மை இங்கே வெளியாயிற்று. எனவே விண்வெளி நிலையங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தேகப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அதன் பயனை உலகுக்குக் காட்டியவர் வலேரி பொலியக்கோவ் என்னும் வைத்தியர். 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை ஒரே பயணத்தில் 437 நாட்கள் 'மீர்' நிலையத்தில் இருந்துவிட்டு, தரையிறங்கியதும் கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து சென்றார். பதினெட்டு நாளில் வீழ்ந்த உடல், நானூறு நாளைக் கடந்தும் நின்றது. இடையில் மாறியது உடலன்று. உடலைப் பற்றிய அறிவேயாம்.

பாரத நாட்டின் பங்கும் இவ்வரலாற்றில் உண்டு. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா 'சல்யூட் 7' நிலையம் சென்று, ஏறக்குறைய எட்டு நாட் பயணத்தில் யோகாசனங்களைச் செய்து பார்த்தார். பாரமற்ற நிலையின் இடரை யோகம் தணிக்குமா என்பதே சோதனை. எட்டு நாட் சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதல் விஞ்ஞானமாகாது. ஆயினும் நம் முன்னோர் கண்ட பயிற்சியைச் சோதனைக்கு உட்படுத்தத் துணிந்த அச்செயல் பாராட்டுக்குரியதே. எதையும் சோதித்து அறிதல் நம் மரபுக்கு இழுக்காகாது. இந்திய வழித்தோன்றலாகிய சுனிதா வில்லியம்ஸ் சில நாட் பயணமென்று 2024 ஜூனிற் சென்று, கலத்தின் கோளாறு காரணமாக 286 நாட்கள் தங்கி 2025 மார்ச்சில் மீண்டார். அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் சுபான்சு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திற் தங்கித் தசை உயிரணுக்களைப் பற்றிய ஆய்வையும் நடத்தினார்.

இரண்டையும் இணைக்கும் நோய்

கடலையும் விண்ணையும் ஒருங்கே பற்றும் நோய் ஒன்று உண்டு. சோடாப் போத்தலை மூடியிருக்கும்வரை அதன் வாயு நீரிற் கரைந்து அடங்கியிருக்கிறது. திடீரெனத் திறந்தால் நுரைத்துப் பொங்குகிறது. ஆழத்தில் அமுக்கக் காற்றைச் சுவாசிப்பவனின் இரத்தத்திலும் தசையிலும் நைதரசன் வாயு இவ்வாறே கரைகிறது. அவன் விரைந்து மேலே வந்தால் அவ்வாயு குமிழிகளாகும். மூட்டிற் குமிழி தங்கினால் வலி. முள்ளந்தண்டிற் தங்கினால் வாதம். மூளையிற் தங்கினால் மரணம். பிரித்தானிய விஞ்ஞானி ஹோல்டேன் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, படிப்படியாக நின்று நின்று மேலேறும் முறையை 1908இல் வெளியிட்டார்.

விண்வெளியில் இந்நோய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். கலத்தை விட்டு வெளியேறும் வீரர் அணியும் உடையின் அமுக்கம், நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்களவே. அதனுட் புகுதல் ஆழத்திலிருந்து திடீரென மேலேறுதற்கு ஒப்பாகும். ஆதலால் அவர்கள் முன்னதாகவே தூய ஒட்சிசனைச் சுவாசித்து உடலிலுள்ள நைதரசனை வெளியேற்றுகிறார்கள். 1965 மார்ச்சில் முதன்முதல் விண்ணில் மிதந்த லியோனோவ், உடை ஊதிப் பருத்துக் கலத்துட் புக முடியாதபோது, இந்நோய்க்கு அஞ்சியும் வேறு வழியின்றியே உடையின் காற்றைத் திறந்துவிட்டார். இன்னொரு வியப்பும் உண்டு. ஹூஸ்டன் நகரில் விண்வெளி வீரர்கள் நீரில் மூழ்கிப் பயிலும் குளத்தின் ஆழம் ஏறத்தாழ 12 மீற்றர். நமது முத்துப்பார்களின் ஆழமும் ஏறக்குறைய அதுவே! விண்ணுக்குச் செல்லும் வழி தண்ணீருக்குள்ளேயே தொடங்குகிறது.

இனி நம் கடமைக்கு வருவோம். முத்துச்சலாபம் ஓய்ந்துவிட்டது. ஆனாற் குளிப்பு ஓயவில்லை. கடலட்டைக்கும் சங்குக்குமாகக் காற்றுச் சிலிண்டரைத் தாங்கி இறங்கும் இளைஞர்கள் இலங்கைக் கரையோரங்களில் இன்றும் இருக்கிறார்கள். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலெழுவதாலும், ஓய்வின்றித் திரும்பத் திரும்ப இறங்குவதாலும் கால் விளங்காமற் போனோரும், உயிர் துறந்தோரும் உளர். முன்னோருக்கு இந்நோயின் காரணம் தெரியாது. நமக்குத் தெரியும். நூறாண்டுக்கு மேலாக உலகம் அறிந்திருக்கும் ஒன்றை அறியாமல் நமது ஊர் இளைஞன் ஒருவன் முடமாவானேயானால், அது விதியன்று, நமது அசட்டையே.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். மெதுவாக மேலேறுதல், இடையிடையே நிற்றல், இறக்கங்களுக்கிடையே போதிய ஓய்வு கொள்ளல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றோர் வாயிலாகத் தொழிலாளருக்குக் கற்பிக்க முயல்வோம். மேலே வந்தபின் மூட்டுவலியோ மரமரப்போ கண்டால், மீண்டும் கடலில் இறங்கிச் சரிசெய்ய முயலாது, ஒட்சிசன் கொடுத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை வீடுதோறும் சொல்வோம். பெரியோர்களும் இப்பணிக்குத் துணைநிற்பார்களாக.

விண்வெளி வீரன் ஒருவனைப் பாதுகாக்க ஆயிரம் அறிஞர் விழித்திருக்கிறார்கள். நமது கடலில் இறங்குபவனுக்காக விழித்திருக்க வேண்டியவர்கள் நாமே. உடல் எங்கே சென்றாலும் உடலே. அதனுள் உறையும் உயிருக்கு விண்ணென்றும் கடலென்றும் ஏற்றத்தாழ்வு இல்லை.