பாதணிப் பணமும் மாலை வகுப்பும்

யூபிலி மலர் என்றால் கோயில் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நாள் நின்றது என்னும் வரலாற்றையும் எழுதி வைப்பது நம் கடமை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பருவமே ஒரு பிள்ளை படிப்பில் நிலைப்பதையோ நழுவுவதையோ பெரும்பாலும் முடிவு செய்கிறது. பள்ளி மணி அடித்த பிறகும் மே மாத விடுமுறையிலும் அப்பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார்? இக்கேள்வி நம் கரைக்குப் புதியதன்று.

அரசியின் பாதணிப் பணம்

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராகச் சிறுவரைக் கூட்டிச் செபங்களைக் கற்பித்தார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000-க்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் தெரிவித்துள்ளார். ஆனால் ஓர் ஊரில் அவர் தங்கியது சில நாட்களே. அவர் போன பின் பிள்ளைகளை நாள்தோறும் கூட்டிக் கற்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து போர்ச்சுகல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 4,000 பொற்பணம் ஒதுக்கப்பட்டு வந்தது. அதைக் கணக்கப்பிள்ளைமாரின் சம்பளத்துக்கு விட்டுத் தருமாறு சவேரியார் கேட்டுப் பெற்றார். விண்ணகம் ஏறுவதற்கு அரசிக்கு இப்பிள்ளைகளை விட நல்ல பாதணி கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இக்கரைக்கு வந்த மிகப் பழைய மானியங்களுள் இது ஒன்று எனலாம்.

வயல் தந்த பள்ளி

1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயி, மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். எனினும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியின் கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1818-இல் நாஞ்சில் நாட்டுக்கு வந்த இலண்டன் மிஷன் குரு மீட் நடத்திய நாகர்கோவில் பள்ளிக்கு, ரெசிடெண்ட் மன்றோவின் முயற்சியால், நெல் வயல் வாங்க ராணி 5,000 ரூபாய் கொடுத்தார். அப்பள்ளியின் வழியில் 1893-இல் எழுந்ததே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி.

அக்காலத்தில் மானியம் என்றால் வரியில்லா நிலம் என்றே பொருள். நிலம் பூ தவறாமல் விளையும். கொடுத்தவர் மறைந்தாலும் பள்ளி நடக்கும். இன்றோ மானியம் என்றால் ஒரு தொகை. அதற்கு ஒரு காலக்கெடு, சில நிபந்தனைகள்.

மாலை நேரத்துக்கு வந்த பணம்

1956-க்குப் பின், உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றது. பெருந்தலைவர் காமராசரின் மதிய உணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1984-இல் 10 முதல் 15 வயது வரையுள்ள மாணவருக்கும் விரிந்தது. இவையெல்லாம் பகல் நேரத்துக்கானவை.

1979–80-இல் மத்திய அரசு முறைசாராக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கு வராத 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்களுக்கு வசதியான நேரத்தில் கற்பிப்பது அதன் நோக்கம். தொண்டு நிறுவனங்களுக்கு முழுச் செலவும் மானியமாகக் கிடைத்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அதுவும் வேறு திட்டத்துக்கு வழிவிட்டது.

வெளிநாட்டு உதவியும் பல இடங்களில் கைகொடுத்தது. 1976-இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 2010-இல் புதுச் சட்டம் வந்தது. 2020-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி, உதவி பெறும் ஓர் அமைப்பு அப்பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது; நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்புகள் வழியாகச் சிற்றூர் மாலை வகுப்புகளுக்குப் பணம் வந்த வழி இதனால் அடைபட்டது.

இல்லம் தேடி வந்த கல்வி

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களுள் நம் குமரியும் ஒன்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 7 மணிக்குள், வீட்டுத் திண்ணையிலும் பொதுக் கட்டடத்திலும் தன்னார்வலர் கற்பித்தனர். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஒதுக்கீடு 200 கோடி ரூபாய். தமிழகமெங்கும் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பலன் உண்டா? ஏறத்தாழ 19,000 கிராமப்புறச் சிறு பிள்ளைகளைப் பொருளியல் அறிஞர் ஆராய்ந்தனர். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் மையங்களின் எண்ணிக்கை சுருங்கியது.

செல்வ நாடான அமெரிக்காவிலும் நிலைமை வேறன்று. அங்கே மாலை வகுப்புகளுக்கும் கோடை வகுப்புகளுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் மானியம் உண்டு. 2025 ஜூலை முதல் நாள் விடுவிக்க வேண்டிய தொகையை அரசு நிறுத்தி வைத்தது; எதிர்ப்பு எழுந்த பின் அதே மாதத்தில் விடுவித்தது. அதற்குள் கோடை வகுப்பு நடத்துவோர் கலங்கிப் போயினர்.

நாம் செய்யக் கூடியது

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றே. வெளியிலிருந்து வரும் மானியம் நல்லது. வரும்போது நன்றியுடன் பெறுவோம். ஆனால் அது நின்றாலும் விளக்கு அணையாதிருக்க, ஊருக்கென ஒரு வயல் வேண்டும். இன்று அந்த வயல் ஒரு நிரந்தர வைப்பு நிதியாக இருக்கலாம். தன்னார்வலர் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000. ஆறு விழுக்காடு வட்டி என்று கொண்டால் 2 இலட்சம் ரூபாய் முதல் போதும். இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் ஆண்டு முழுவதும் கிடைப்பார். விலைவாசி ஏறுவதால் முதலையும் அவ்வப்போது வளர்த்து வர வேண்டும். பாயும் கரும்பலகையும் பங்கு மண்டபத்திலேயே உண்டு. பிள்ளைகளை வீடு வீடாக அறிந்த அன்பியங்களும் உண்டு. வரவு செலவைக் கோயிலில் வாசித்துவிட்டால் ஐயத்துக்கும் இடமில்லை.

யூபிலிக்கு எழுப்பும் வளைவும் அலங்கார விளக்கும் விழா முடிந்ததும் இறங்கிவிடும். அவற்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தி இந்நிதிக்கு முதல் காணிக்கையாக வைப்போம். பாதணிச் செலவை விட்டுக்கொடுக்க ஓர் அரசியால் முடிந்ததென்றால், நம்மால் முடியாதா?