சூதாட்டத்துக்கு முந்தைய மக்காவு

மக்காவு நகரில் போர்ச்சுகீசியர் 1557இல் குடியேறினர். சீனப் பட்டினை ஜப்பானின் நாகசாகிக்கு அனுப்பி வெள்ளியைக் கொண்டுவந்த வணிகமே ஊரை வளர்த்தது. 1639இல் ஜப்பான் அவர்களுக்குத் துறைமுகங்களை மூடியதும் அது முறிந்தது.

அந்தச் செழிப்பின் சாட்சி புனித பவுல் தேவாலயம். 1835ஆம் ஆண்டுத் தீயில் கட்டடம் அழிய, கல் முகப்பும் படிக்கட்டுமே எஞ்சின. தாய்நாட்டில் துன்புறுத்தப்பட்டு வந்த ஜப்பானியக் கிறிஸ்தவர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் செதுக்கிய அம்முகப்பில், மரியாளின் உருவத்தோடு சீன எழுத்துகளும் சிங்கங்களும் இருக்கின்றன. இரு நாகரிகங்கள் ஒரே கல்லில் இவ்வளவு இயல்பாகக் கலப்பது அரிது.

1842இல் ஹாங்காங் பிரிட்டன் வசமானபின் கப்பல்கள் அங்கே திரும்பின. வருவாய் தேடிய மக்காவு அரசு சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கியது. சூதாடாத பயணி, போர்ச்சுகீசியருக்கும் முந்தைய ஆ-மா கோயிலிலிருந்து நடக்கத் தொடங்கலாம். பழைய நகர்ப்பகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.