உயர்ந்த கம்பியும் தாழ்ந்த கூரையும்
மலையக மின்வழிகளின் அனுமதி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தேயிலை மலைகளில் 'லைன்' என்னும் சொல் இருவகைப் பொருளில் வழங்கி வருகின்றது. தொழிலாளர் குடியிருக்கும் தொடரறைகள் ஒன்று. அது மக்கள் நாவில் 'லயம்' எனத் திரிந்து தமிழாகவே ஆகிவிட்டது. மலைமுகடுகளில் இரும்புக் கோபுரங்களைப் பற்றிச் செல்லும் மின்கம்பி வழி மற்றொன்று. ஒன்றின் மேலாக மற்றது பல பதிற்றாண்டுகள் சென்றது. எனினும் மேலே சென்ற லைனின் வெளிச்சம் கீழே இருந்த லயத்தில் விழவில்லை. மேலுள்ளது செல்வதற்கு யாருடைய அனுமதி வேண்டப்பட்டது, கீழுள்ளது விளக்கேற்றுவதற்கு யாருடைய அனுமதி வேண்டப்பட்டது என்னும் இரு வினாக்களையும் அருகருகே வைத்து நோக்கின், மலையகச் சமூக வரலாற்றின் ஒரு பகுதி தெளிவாகும். பழைய மின்வழிகளைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்திருப்பதால் இவ்வினாக்கள் பழங்கதையாகவும் போய்விடவில்லை.

உடப்புசல்லாவை இவ்வாய்வுக்கு ஏற்றதோர் இடம். நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குச் சரிவில், வலப்பனையை அண்டி அமைந்த இத்தேயிலைப் பிரதேசத்தின் பெயரிலேயே ஒரு புகையிரதப் பாதை இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை சென்ற அந்த ஒடுங்கிய பாதை 1904-இல் முழுமை பெற்றது; வீதிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஆற்றாது 1940-களில் மூடப்பட்டது. மலையின் விளைவைக் கீழே கொண்டுசெல்வதே அப்பாதையின் முதன்மை நோக்கம். தேயிலைக்கு அடுத்தபடியாக இம்மலை கீழே அனுப்பிய பொருள் நீர். உடப்புசல்லாவைச் சரிவுகளின் ஓடைகள் யாவும் ஈற்றில் மகாவலியையே சேர்கின்றன. ரந்தெனிகல, ரந்தம்பை ஆகிய அணைகளின் சுழலிகளைச் சுழற்றும் நீரில் இம்மலைகளின் மழையும் உண்டு. மேற்கே லக்சபானத் தொகுதி, வடகிழக்கே மகாவலித் தொகுதி என நாட்டின் இருபெரும் நீர்மின் தொகுதிகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலம் இது.

மின்சாரம் பெருந்தோட்டங்களுக்குப் புதியதன்று என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது. அரசாங்கத்தின் பெருந்திட்டங்கள் தோன்றுமுன்னரே பல தோட்டங்கள் தம் ஓடைகளில் சிறு சுழலிகளை அமைத்து, கொழுந்தை வாட்டவும் உருட்டவும் வேண்டிய வலுவைப் பெற்றுக்கொண்டன. நுவரெலியா நகருக்கு மின் வழங்கிய பிளாக்பூல் நிலையமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததே. இச்சிறு சுழலிகளின் கம்பி தொழிற்சாலைக்குச் சென்றது. துரை பங்களாவுக்குச் சென்றது. லயத்துக்கு அது செல்லாமைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் நடந்து கடக்கும் தூரமே.

1901-ஆம் ஆண்டளவில் பொதுவேலைத் திணைக்களத்தின் பொறியியலாளராய் மஸ்கெலியாப் பகுதியில் பணியாற்றிய டி. ஜே. விமலசுரேந்திர, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியில் மறைந்துகிடந்த வலுவைக் கண்டார். 1918-இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வைத்த கட்டுரை நீர்மின் திட்டத்துக்கு அடிகோலியது. 1924-இல் தொடங்கிய வேலை இடையில் நின்றது; பின்னர்த் தொடர்ந்தது; உலகப்போரால் மீண்டும் தடைப்பட்டது. 1950 டிசம்பரிலேயே லக்சபான நிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கலாயிற்று. அங்கிருந்து 66 கிலோவோல்ற்று வழி தேயிலை மலைகளையும் இறப்பர்த் தோட்டங்களையும் கடந்து கொழும்பை அடுத்த கொலன்னாவையை அடைந்தது. 1960-களில் 132 கிலோவோல்ற்று வழிகளும், 1980-களில் மகாவலித் திட்டத்தோடு 220 கிலோவோல்ற்று வழிகளும் எழுந்தன. நீர்த்தேக்கங்களும் பெருகின. மவுசாக்கலை அணையின் நீரில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது.

லக்சபான இயங்கத் தொடங்கிய காலத்தை மற்றொரு காலவரிசையோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரைக் குடியுரிமையற்றோர் ஆக்கியது. 1949-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்குரிமையையும் பறித்தது. அதற்கடுத்த ஆண்டில் மலையின் மின்சாரம் தலைநகரை அடைந்தது. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் வரலாற்று நெறியாகாது. ஆயினும், நாட்டின் முதற் பெரும் மின்வழிகள் எந்நிலங்களின் மேலாகச் செல்லும் எனத் தீர்மானிக்கப்பட்ட காலத்தில், அந்நிலங்களில் வாழ்ந்தோர் தம் கருத்தை உரைப்பதற்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவும் உரிமையற்றிருந்தனர் என்பது வெறும் தற்செயல் என ஒதுக்கத்தக்கதன்று.

இனி அனுமதி பற்றிய சட்டநெறியைக் காண்போம். பிறருடைய நிலத்தின் மேலாகக் கம்பி செல்வதற்கான உரிமை வழியுரிமை எனப்படும். ஒரு நிலவுடைமையாளன் மறுப்பானாயின் ஊர் முழுவதும் இருளில் இருக்க நேரிடும் என்பது மின்சாரத்தின் தொடக்க காலத்திலேயே உணரப்பட்டது. பிரித்தானியாவில் 1919-ஆம் ஆண்டின் மின்வழங்கற் சட்டம் இதற்கொரு தீர்வு கண்டது. அறிவித்தல் கொடுத்து 21 நாட்களுள் உடைமையாளன் இணங்காவிடின், அமைச்சரின் இசைவோடு கம்பியைக் கொண்டுசெல்லலாம் என்பதே அது. இந்நெறி குடியேற்ற நாடுகளின் சட்டங்களிலும் புகுந்தது. இலங்கையில் 1950-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தை நீக்கி வந்த 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்திலும், நிலத்தின் உரிமையாளருக்கும் இருப்பாட்சியாளருக்கும் அறிவித்தல் கொடுத்தல், அவர் இணங்காதவிடத்துப் பிரதேச செயலாளரின் விசாரணை, இழப்பீடு என்னும் படிமுறை காணப்படுகின்றது. அச்சட்டத்தின் கீழ் ஊடுகடத்தல் அனுமதிப்பத்திரம் மின்சார சபைக்கே உரியதாயிருந்தது. அதனை மேற்பார்க்கும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு உரியதாயிற்று. 2024-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டம் அச்சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. மறு ஆண்டிலேயே அதுவும் திருத்தப்பட்டது.

இந்நெறியின் உட்பொருள் யாது? பொதுநன்மைக்காக நிலவுடைமையாளனின் மறுப்பைச் சட்டம் கடந்து செல்லலாம் என்பதே. தோட்டத்துரை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கொழும்புக்குச் செல்லும் கம்பி தோட்டத்தின் மேலாகச் செல்லும். நல்லது. ஆனால் அதே தோட்டத்தின் லயத்துக்கு ஒரு மின்குமிழ் வேண்டியபோது நடைமுறை எதிர்த்திசையில் சென்றது. அறை தோட்டத்துக்கு உரியது. கம்பம் நடவேண்டிய நிலமும் தோட்டத்துக்கு உரியது. ஆகவே இணைப்புக் கோரிய தொழிலாளி தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதத்தைக் கொண்டுவரல் வேண்டும் என்பது வழக்கமாயிற்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டமோ மின்வழங்கல் கோரும் உரிமையை மனையின் உரிமையாளருக்கு மட்டுமன்றி இருப்பாட்சியாளருக்கும் தந்தது. சட்டத்தின் எழுத்தில் லயத்தில் வாழ்பவரும் இருப்பாட்சியாளரே. நடைமுறையில் கடிதம் எழுதும் கை நிருவாகத்துடையதாகவே இருந்தது. உயரச் செல்லும் கம்பிக்காக உடைமையாளனின் மறுப்பைக் கடந்த அரசு, தாழச் செல்லும் கம்பிக்காக அவ்வாறு கடக்க முன்வரவில்லை. மலையகத்தின் மின்மயமாக்கம் பிந்தியமைக்கு வறுமையும் மலைப்பாங்கான நிலமும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவை மெய்யே. எனினும் இரு கம்பிகளுக்கும் இருவேறு அனுமதி முறைகள் வழங்கியமையே அடிப்படைக் காரணம் எனக் கருத இடமுண்டு.

1990-கள் வரையில் பெரும்பாலான லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அதன் பின்னர் வெளிச்சம் விரைந்து பரவியது. ஆனால் பல தோட்டங்களில் தோட்டம் முழுமைக்கும் ஒரே மானி வைத்து, செலவைத் தொழிலாளரிடையே பகிர்ந்து அறவிடும் முறையும் கூடவே வந்தது. இதனோடு ஒப்பிடத்தக்கது 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவிடுவதை அது கட்டுப்படுத்தியது. 2018-இல் அது திருத்தப்படும் வரை, தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபையே அவர்களுடைய பாதையைத் திருத்தத் தயங்கிற்று. தனியார் நிலம் என்ற ஒரே சொல் பாதையையும் விளக்கையும் ஒருங்கே தடுத்தது.

பழைய மின்வழிகளைப் புதுப்பித்தல் ஏன் தேவையாகின்றது என்பதையும் சுருக்கமாக அறிதல் நன்று. கம்பியில் மின்னோட்டம் மிகுந்தால் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் இரு கோபுரங்களுக்கிடையே தொய்ந்து நிலத்தை நெருங்கும். இலங்கையின் பழைய 132 கிலோவோல்ற்று வழிகள் பல, கம்பியின் வெப்பம் 54 பாகை செல்சியசைத் தாண்டாது என்ற கணக்கில் அமைந்தவை. மின்தேவை பெருகியபோது 75 பாகை வரை தாங்குமாறு அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குக் கம்பியின் உயரத்தைக் கூட்டல் வேண்டும்; சில இடங்களில் கோபுரத்தையே மாற்றல் வேண்டும். நாடு ஒரு சில வழிகளை எவ்வளவு நம்பியிருக்கின்றது என்பதை 2021 டிசம்பர் 3-ஆம் நாளும் 2023 டிசம்பர் 9-ஆம் நாளும் காட்டின. இரு தடவையும் கொத்மலை-பியகம வழியில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. எனவே மின்வழிகளைப் புதுப்பித்தல் வேண்டாம் என வாதிடுவோர் எவருமிலர்.

வினா அனுமதியைப் பற்றியதே. 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993 ஜூனில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், 50 கிலோவோல்ற்றுக்கு மேற்பட்டு 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் மின்வழியை அமைத்தல் முன்னனுமதி வேண்டும் திட்டம் என வகுத்தது. 'அமைத்தல்' என்பது அறிவித்தலின் சொல். பழைய பாதையில் பழைய அளவிலேயே கம்பியை மாற்றுவதும், கோபுரத்தை உயர்த்தி மின்னழுத்தத்தைக் கூட்டி ஏறத்தாழ ஒரு புதிய வழியையே எழுப்புவதும் ஒன்றாகா. முன்னையது பராமரிப்பு, பின்னையது பெயரளவிலேயே புதுப்பித்தல். இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தல் இன்றியமையாதது. ஏனெனில் விரிவான சுற்றாடற் தாக்க மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படல் வேண்டும். தொடக்கநிலைப் பரிசோதனை என்னும் சுருங்கிய அறிக்கைக்கு அத்தகைய கட்டாயம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இல்லை. எந்த அறிக்கை எனத் தீர்மானிக்கும் கணத்திலேயே யார் பேசலாம் என்பதும் தீர்மானமாகிவிடுகின்றது.

அனுமதி முறை வெறும் சடங்கன்று என்பதற்கு மலையகமே சான்று. மேல் கொத்மலைத் திட்டத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1990-களில் இசைவு மறுத்தது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சியின் பெயர் அக்காலத்தில் நாடெங்கும் ஒலித்தது. மேன்முறையீடுகளின் பின் இசைவு கிடைத்து, 150 மெகாவாற்று வலுவுடைய அந்நிலையம் 2012-இல் இயங்கலாயிற்று. தலவாக்கலையில் இடம்பெயர்ந்த ஏறத்தாழ 500 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. அனுமதி தாமதித்தமையால் திட்டம் கெட்டது என்போர் உளர்; அத்தாமதமே அக்குடும்பங்களின் நிலையைப் பேசுபொருளாக்கியது என்பதையும் அவர்கள் கணக்கிற் கொள்ளல் வேண்டும். உயரழுத்த வழிகளுக்கு நீர்வீழ்ச்சி இல்லை. ஆகவே ஆரவாரமும் இல்லை.

நிலவுடைமையின் வரலாறும் இவ்விடத்துக் குறுக்கிடுகின்றது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் பிரதேச பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறிப் பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. ஆகவே உடப்புசல்லாவை போன்றதோர் இடத்தில் ஒரு வழி புதுப்பிக்கப்படுமாயின், அறிவித்தல் இயல்பாகவே கம்பனிக்குச் செல்லும். தேயிலைச் செடி குட்டையானது. கம்பியின் கீழ் அது தொடர்ந்து வளரலாம். வெட்டப்படுவன நிழல்மரங்களும் யூக்கலிப்டஸ் மரங்களுமே. அவற்றின் பெறுமதி கம்பனியின் கணக்கில் சேரும். லயத்தவருக்கு எஞ்சுவது கோபுர அடித்தளம் தோண்டப்படும் சரிவு. 2025 நவம்பரில் தித்வா சூறாவளியின்போது நுவரெலியா மாவட்டத்து மண்சரிவுகள் கொண்ட உயிர்களை எண்ணின், அச்சரிவு பற்றிக் கேட்கும் உரிமை மரத்தின் விலையிலும் பெரிது என்பது தெளிவாகும்.

அண்மைக்காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. புதிய வீட்டுத்திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வழங்கும் முறை தொடங்கிற்று. உறுதி பெற்றவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். மின்வழி அறிவித்தல் இனி அவர் பெயருக்கே வரல் வேண்டும். ஆனால் அளவுகளை நோக்குக. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக வகுத்தால் பக்கமொன்று 13 மீற்றருக்குச் சற்றே அதிகம். 132 கிலோவோல்ற்று வழிக்கு ஒதுக்கப்படும் பாதையின் அகலம் 27 மீற்றர். 220 கிலோவோல்ற்றுக்கு 35 மீற்றர். ஏக்கர்க்கணக்கில் நிலமுடைய கம்பனிக்கு அப்பாதை ஓர் ஓரக்கீற்று. உறுதி வைத்திருப்பவருக்கோ அது காணியின் நான்கு எல்லைகளையும் ஒருங்கே விழுங்கத்தக்கது. வீட்டுத்திட்டத்தின் காணி வரைபடமும் மின்வழியின் வரைபடமும் ஒரே பிரதேச செயலகத்துக்கே வந்து சேர்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தல் கோபுரம் எழுந்த பின் அன்று, காணித்துண்டுகள் பிரிக்கப்படும் முன்னரே செய்யத்தக்க வேலை.